இளம் குவார்ட்டர்பேக் நிலைப்பாரா? எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒன்றிரண்டு சீசன் மட்டுமே ஆடியிருக்கும் ஒரு குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், ஐந்தாறு ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருப்பாரா, காணாமல் போவாரா என்பதை எதை வைத்துக் கணிப்பது? கேள்வி இதுதான்.

பெரும்பாலான வாதங்கள் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எண்ணிக்கை, இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) எண்ணிக்கை, அணியின் வெற்றி தோல்வி ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. நீண்டகாலக் கணிப்புக்கு மூன்றுமே மோசமான அளவுகோல்கள். ஒரு பாஸில் பதினொரு பேருக்கு வேலை இருக்கிறது, கணக்கில் ஏறுவது ஒருவர் பெயர். எனவே அந்த எண்களில் எது அவருடைய பழக்கம், எது லைனும் (அவருக்கு முன்னால் நின்று தடுப்பவர்கள்) ரிசீவர்களும் (பந்தைப் பிடிப்பவர்கள்) கோச்சும் அவருக்குக் கொடுத்தது, எது வெறும் அதிர்ஷ்டம் என்று பிரிப்பதுதான் முதல் வேலை. பழக்கம் அடுத்த ஆண்டும் கூட வரும். மற்ற இரண்டும் வரலாம், வராமலும் போகலாம்.

கூட வரும் விஷயங்களில் முதலிடம் சாக்குக்கு. பந்தை எறிவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தப்படுவதுதான் சாக். அதைத் தடுப்பு லைனின் குற்றமாகவே ரசிகர்கள் பார்க்கிறார்கள். 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு ஆடிய டாம் பிரேடி 21 முறை சாக் ஆனார். 2008 முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போனது. பெரும்பாலும் அதே லைன், ரிசீவர்களில் அதே ராண்டி மாஸ், அதே வெஸ் வெல்கர். ஆனால் பின்னால் நின்றவர் மேட் கேசல். அவர் 47 முறை சாக் ஆனார், அதுவும் பிரேடியைவிடக் குறைவாக எறிந்து. லைன் மாறவில்லை, பந்தைக் கையில் வைத்திருந்த நேரம் மாறிவிட்டது.

மொத்த சாக் எண்ணிக்கையைவிட, நெருக்கடி வந்த (எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்கிவிட்ட) எறிதல் முயற்சிகளில் எத்தனை சாக்கில் முடிந்தன என்ற விகிதத்தைப் பாருங்கள். கணக்கு எளிது: ஒரு சீசனில் 200 முறை நெருக்கடி வந்து 40 சாக் என்றால் 20 சதவீதம். ஐந்தில் ஒன்று என்பது ஏறத்தாழ லீக்கின் நடுநிலை. 15 பக்கம் இருந்தால் மிக நல்ல அறிகுறி. நான்கில் ஒன்றுக்கு மேல் போனால், அதுவும் கல்லூரியிலும் அப்படியே இருந்திருந்தால், கவலைப்பட வேண்டும். கல்லூரியில் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பவர் இங்கும் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறார். இதோடு சேர்த்து, ஸ்னாப்பிலிருந்து (பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும் நொடி) எறிவதற்கு எடுக்கும் சராசரி நேரத்தையும் பாருங்கள். லீக்கில் அது 2.7, 2.8 நொடி அளவில் இருக்கும். அதிக நேரம் எடுப்பது மட்டும் குறையில்லை. கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸும் நேரம் எடுப்பவர்தான், ஆனால் நெருக்கடி வந்ததும் நழுவிப் போய்விடுகிறார். நேரமும் எடுத்து, நழுவவும் முடியாமல் விழுபவரிடம்தான் சிக்கல்.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2024-இல் முதலாவதாகச் சிகாகோ எடுத்த கேலப் வில்லியம்ஸ் முதல் சீசனில் 68 முறை சாக் ஆனார். 12-ஆவதாக டென்வருக்குப் போன போ நிக்ஸ் 24 முறை. இதில் டென்வர் லைனின் தரத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பது உண்மைதான். சிகாகோவில் நவம்பருக்குள் அஃபென்ஸ் கோஆர்டினேட்டரையும் (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்) தலைமைக் கோச்சையும் நீக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் மொத்த எண்ணிக்கையை விட்டு விகிதத்துக்குப் போகச் சொல்கிறேன். 2002-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் என்ற புத்தம்புது அணியில் டேவிட் கார் 76 முறை சாக் ஆனதுதான் இன்றுவரை சாதனை. அந்த அளவுக்குப் போனால் யார் குற்றம் என்ற விவாதம்கூட இரண்டாம்பட்சம். அடிபட்டு அடிபட்டு, ரிசீவர்களைப் பார்க்க வேண்டிய கண் முன்னால் வரும் ஆட்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம்.

இன்டர்செப்ஷன் இதற்கு நேர் எதிர். ஒரு சீசனில் ஐந்நூறு முறை எறிந்தால் பத்துப் பன்னிரண்டு நடக்கும் நிகழ்வு அது. அவற்றிலும் சில ரிசீவர் கையில் பட்டுத் தெறித்தவை, சில ஆட்டம் முடியும் நேரத்தில் வேறு வழியில்லாமல் எறிந்தவை. எதிரணி வீரர் கைநழுவ விட்ட பந்துகள் கணக்கிலேயே வருவதில்லை. பெய்டன் மேனிங் 1998-இல் முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன் கொடுத்தார், ரூக்கிகளில், அதாவது முதல் சீசன் ஆடுபவர்களில், அது சாதனை. அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. ஆனால் அதே ஆண்டில் 575 பாஸ் எறிந்து 22 முறைதான் சாக் ஆனார். பந்து எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது, எறியக்கூடாத இடங்களைத்தான் அவர் கற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே இன்டர்செப்ஷன் 15, சாக் 14, அணி 13-3.

மறுபுறம் டேனியல் ஜோன்ஸ். 2022-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக 472 பாஸில் ஐந்தே இன்டர்செப்ஷன். பக்குவப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். டச்டவுன் 15 மட்டுமே என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. கோச் ஆபத்தான எறிதல்களை ஆட்டத்திட்டத்திலிருந்தே எடுத்திருந்தார். 2023 மார்ச்சில் நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம். 2024 நவம்பரில் அணியிலிருந்து விடுவிப்பு.

டச்டவுன் விகிதத்தையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். நூறு பாஸுக்கு நாலரை அளவில் டச்டவுன் என்பது வழக்கமான சராசரி. 2017-இல் கார்சன் வென்ட்ஸ் 440 பாஸில் 33, அதாவது 7.5 சதவீதம். அந்த உயரத்தில் மஹோம்ஸ்கூட ஆண்டுதோறும் நிற்பதில்லை. 2020-இல் வென்ட்ஸ் 16 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன், 50 சாக். நடுவில் முதுகுக் காயமும் முழங்கால் காயமும் வந்துபோயின. ஆனால் காயமே இல்லாமல் இருந்திருந்தாலும் 7.5 நின்றிருக்காது.

சி.ஜே. ஸ்ட்ரவுட் இன்னொரு பாடம். 2023-இல் ரூக்கியாக 499 பாஸில் ஐந்து இன்டர்செப்ஷன், 4,108 யார்டு. மறு ஆண்டு 12 இன்டர்செப்ஷன், 52 சாக். இதை வீழ்ச்சி என்று எழுதினார்கள். பாதி வீழ்ச்சி என்பது முதல் ஆண்டின் அதிர்ஷ்டம் தன் இடத்துக்குத் திரும்பியது, மீதி பெரும்பாலும் நொறுங்கிப்போன லைன். அவரது கணிப்பில் 2023-க்கு ஏற்றியதும் அதிகம், 2024-க்கு இறக்கியதும் அதிகம்.

எண்களை வைத்தே தொடர விரும்புபவர்களுக்கு நடைமுறை வழி இது. ஆட்டக்காரரின் மொத்த எண்ணிலிருந்து ஸ்கிரீன் பாஸ்களையும் (கோட்டருகே கொடுக்கும் சுலபமான குறும்பாஸ்கள்) பிளே ஆக்ஷனையும் கழித்துவிடுங்கள். பிளே ஆக்ஷனில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டும்போது எதிரணித் தற்காப்பின் நடுவரிசையான லைன்பேக்கர்கள் முன்னே வந்துவிடுகிறார்கள், யார் எறிந்தாலும் எண் ஏறும். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி. மிஞ்சுவதில் முதல் இரண்டு டவுன்களை மட்டும் எடுங்கள். மூன்றாம் டவுனில் ஒரு சீசனுக்கு நூற்றுச் சொச்சம் பாஸ்தான் வரும், சிறு மாதிரி, ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும். அதிலும் நெருக்கடி இல்லாத பாக்கெட்டில் (லைன் சுற்றி நின்று காக்கும் இடம்) நின்று எறிந்தவற்றை மட்டும் பிரியுங்கள். நெருக்கடியில் ஒருவர் எப்படி எறிகிறார் என்பது பார்க்கப் பரவசமாக இருக்கும், மறு ஆண்டு அப்படியே வருவது அரிது. அமைதியான பாக்கெட்டில் காட்டும் துல்லியமும் முடிவெடுப்பும் அதைவிட நிலையாக நிற்கின்றன. ஒவ்வொரு எறிதலின் கடினத்துக்கும் ஏற்ப எதிர்பார்க்கப்படும் கம்ப்ளீஷன் விகிதத்தைவிட (எறிந்தவற்றில் பிடிபட்டவற்றின் சதவீதம்) இவர் எவ்வளவு மேலே, கீழே என்று காட்டும் எண் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வெறும் கம்ப்ளீஷன் விகிதத்தை விட்டுவிட்டு அதை எடுங்கள். கோட்டுக்குப் பின்னாலேயே பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் யாரும் 68 சதவீதம் காட்டலாம்.

முதல் இருநூறு பாஸை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஆறேழு ஆட்டம் ஆனதும் எதிரணிகளிடம் போதுமான வீடியோ சேர்ந்துவிடும். அவருக்குப் பிடித்த முதல் ரிசீவரை மூடுவார்கள், அவர் ஓடும் பக்கத்தை அடைப்பார்கள். அதற்குப் பிறகான ஐந்தாறு ஆட்டங்கள்தான் ரூக்கி சீசனின் உண்மையான பரீட்சை.

அடுத்தது வீடியோ. டிவி ஒளிபரப்பில், தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் பெரும்பாலும் காட்சிக்குள்ளேயே இருக்க மாட்டார்கள். களத்தின் 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவு வேண்டும், என்எஃப்எல்லே சந்தாவுக்குத் தருகிறது. ஒரு தோல்வி, ஒரு வலுவான எதிரணி, சீசன் கடைசியில் ஒன்று என மூன்று ஆட்டம் எடுத்தால் சுமார் நூறு எறிதல் முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: பந்து நேரத்துக்குக் கையைவிட்டுப் போனதா, சரியான ஆளுக்குப் போனதா, அந்த ஆள் ஓடிக்கொண்டே பிடிக்கும்படி போனதா. பிடிபட்டதா இல்லையா என்ற பத்தியே வேண்டாம்.

நேரம் என்பதைக் காலில் பார்க்கலாம். மூன்றடி, ஐந்தடி, ஏழடி என்று பின்வாங்கும் ஒவ்வொரு டிராப்பும் ரிசீவரின் ஓட்டத்தோடு பொருந்தும்படி வகுக்கப்பட்டது. கடைசி அடி ஊன்றியதும் முதல் ஆளுக்குப் பந்து போக வேண்டும். இல்லையென்றால் ஒரு சிறு துள்ளலோடு இரண்டாம் ஆள், இன்னொன்றோடு மூன்றாம் ஆள். துள்ளல் நாலைந்து ஆகிறது என்றால் அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்புகிறதா, அவர் திறந்த வெளியில் நிற்பதைப் பார்த்தபிறகு கிளம்புகிறதா என்பதே கல்லூரிக்கும் என்எஃப்எல்லுக்கும் உள்ள வித்தியாசம். பார்த்தபிறகு எறிபவருக்கு இங்கே கதவு மூடிவிடும்.

களத்தின் நடுப்பகுதியில் 10 முதல் 20 யார்டு தூர எறிதல்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இளம் குவார்ட்டர்பேக்குகள் அதிகம் தவிர்க்கும் இடம் அதுதான், ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் லைன்பேக்கரையும் சேஃப்டியையும் படிக்க வேண்டும். ஸ்னாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகள் பின்னால் நிற்பதாகக் காட்டி, ஸ்னாப் ஆனதும் ஒருவர் கீழே இறங்கும் மாற்றம் இப்போது எல்லா அணிகளும் செய்யும் வித்தை. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கப் பந்து வைக்கப்படும் எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, எனவே பந்து ஓரத்தில் வைக்கப்படும்போது ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் குறுகியும் கிடக்கும். தற்காப்பும் அதற்கேற்பச் சாய்ந்து நிற்கும், படிப்பது சுலபம். என்எஃப்எல்லில் அந்த இடைவெளி பதினெட்டரை அடிதான். பந்து எப்போதும் ஏறத்தாழ நடுவில், தற்காப்பு இரு பக்கமும் சமமாக நின்று கடைசி நொடிவரை மறைக்க முடியும். அந்த மாற்றத்தைக் கண்டு பந்தை வேறு ஆளுக்குத் திருப்புகிறவர், சேரவில்லை என்றாலும் மதிப்பெண் பெற வேண்டியவர்.

குறைகளைப் பார்க்கும்போது எது திருந்தும், எது திருந்தாது என்ற கேள்வி வருகிறது. கால் வைப்பு திருந்தும், அதனால் துல்லியமும் ஓரளவு திருந்தும். தற்காப்பைப் படிப்பது மெதுவாக வளரும், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் தெரியும். பாக்கெட்டுக்குள் அரை அடி நகர்ந்து இடம் பிடிக்கும் உணர்வு மட்டும் வந்தவர்களிடம் முதலிலேயே வந்திருக்கிறது.

இங்கேதான் ஜோஷ் ஆலனின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய கம்ப்ளீஷன் விகிதம் 2018-இல் 52.8 சதவீதம், 2019-இல் 58.8, 2020-இல் 69.2, 2024-இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதான எம்விபி. எனவே துல்லியம் இல்லாத எந்த வலுவான கைக்காரரும் காத்திருந்தால் ஆலன் ஆகிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அவருக்கு என்னென்ன கிடைத்தன என்று பாருங்கள். முதல் நான்கு ஆண்டும் பிரையன் டேபோல் என்ற ஒரே கோஆர்டினேட்டர். 2020-இல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ். எறிதல் சரியில்லாத நாட்களிலும் ஓட்டத்தால் ஆட்டத்தில் நீடிக்கும் உடல். கோடைதோறும் கால் வைப்பில் உழைப்பு. முக்கியமாக, முன்னேற்றம் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜேலன் ஹர்ட்ஸும் அப்படித்தான், 52.0, 61.3, 66.5. அடுத்த ஆலன் என்று சொல்லப்பட்ட ஆந்தனி ரிச்சர்ட்சன் கல்லூரியில் 13 ஆட்டம்தான் தொடங்கியவர், முதல் ஆண்டில் காயத்தால் நான்கே ஆட்டம், இரண்டாம் ஆண்டில் 47.7 சதவீதம். ட்ரே லான்ஸும் சாக் வில்சனும் அதே நம்பிக்கையில் எடுக்கப்பட்டவர்கள். விதிவிலக்கைச் சூத்திரமாக்கினால் வரும் செலவு அது: லான்ஸுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ தன் 2021 டிராஃப்டின் முதல்சுற்று இடத்தோடு பின்வரும் இரண்டு ஆண்டுகளுடையதையும் கொடுத்தது. அங்கே அந்த நாற்காலியைக் கடைசியில் பிடித்தவர் 2022 டிராஃப்டின் கடைசி ஆளான, 262-ஆவது பிராக் பர்டி. அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு தொடர்ந்து ஆடியவர்.

கல்லூரி அனுபவம் அதிகம் என்றால் வயதும் அதிகம் என்பதை மறக்கக்கூடாது. போ நிக்ஸ் கல்லூரியில் 61 ஆட்டம் தொடங்கி, 24 வயதில் வந்தார். இருபத்துமூன்று வயதில் பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு எதிராக எடுத்த எண்ணையும், இருபதில் எடுத்த எண்ணையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மூத்து வருபவர் உடனே ஆடுவார், ஆனால் வளர இடம் குறைவு. 2012-இல் முதல்சுற்றில் போன பிராண்டன் வீடனுக்கு வயது 28. அவரை எடுத்த கிளீவ்லாண்ட் எதை எதிர்பார்த்தது என்று புரியவே இல்லை.

உயரம், கை அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரூ பிரீஸ் ஆறடிதான். பிரைஸ் யங் ஐந்தடி பத்து அங்குலம், அவருடைய முதலாண்டுச் சிக்கல்களில் 62 சாக்குக்கு உயரம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வொண்டர்லிக் அறிவுத் தேர்வை 2022-இல் லீக்கே கைவிட்டுவிட்டது. டிராஃப்ட் வரிசையைத் திறமையின் அளவாகப் பார்க்காமல், எத்தனை வாய்ப்பு கிடைக்கும் என்பதன் அளவாகப் பாருங்கள். 2018-இன் மூன்றாம் ஆள் சாம் டார்னல்ட் நியூயார்க் ஜெட்ஸில் தோற்று, கரோலினாவில் தோற்று, ஓர் ஆண்டு பெஞ்சில் இருந்து, 2024-இல் மின்னசோட்டாவில் 35 டச்டவுன், 14 வெற்றி. ஏழாம் சுற்று ஆளுக்கு அந்த இரண்டாம் கதவே திறந்திருக்காது.

ஓடும் குவார்ட்டர்பேக்கை எடைபோட, ஓட்டத்தை மனதில் அழித்துவிட்டு மிஞ்சும் எறிதலைப் பாருங்கள். ஓட்டம் இன்றைய ஆட்டத்தைக் காப்பாற்றும், பத்தாண்டைக் காப்பாற்றாது. ராபர்ட் கிரிஃபின் 2012-இல் 20 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் என்று ஆண்டின் சிறந்த ரூக்கி ஆனார். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃபில் முழங்கால் போனது, பிறகு பாக்கெட்டில் நின்று ஆடும் அடுத்த வடிவம் வரவே இல்லை. லமார் ஜாக்சனிடம் அது வந்தது. 2024-இல் 41 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன். திட்டமிட்ட ஓட்டம் எத்தனை, பாஸ் உடைந்தபின் ஓடியது எத்தனை, அடி விழும் முன் சறுக்கி உட்காருகிறாரா என்பவற்றைத் தனித்தனியாக எண்ணுங்கள்.

சூழல் பற்றி. ட்ரெவர் லாரன்ஸ் 2021-இல் 12 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். கோச் அர்பன் மேயர் சீசன் முடியும் முன்பே நீக்கப்பட்டார். டக் பீடர்சன் கோச்சாக வந்ததும் 2022-இல் 25 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன். மேக் ஜோன்ஸுக்கு எதிர்த்திசை: ரூக்கியாக 3,801 யார்டு, பிறகு கோஆர்டினேட்டர் ஜோஷ் மெக்டேனியல்ஸ் லாஸ் வேகஸுக்குப் போனார், தற்காப்புப் பின்னணி கொண்ட மேட் பட்ரீசியா களத்தில் தாக்குதல் உத்திகளை முடிவு செய்தார், மூன்றாம் ஆண்டில் பெஞ்ச். நல்ல இளம் குவார்ட்டர்பேக் உருவாகும் அணியில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அவர் வெற்றி பெற்றால் கோஆர்டினேட்டரை இன்னொரு அணி தலைமைக் கோச்சாக்கிக் கூட்டிச்செல்லும். பிலடெல்பியாவிலிருந்து கோஆர்டினேட்டர் ஷேன் ஸ்டைக்கன் போன 2023-இல் ஹர்ட்ஸின் இன்டர்செப்ஷன் 6-இலிருந்து 15 ஆனது. மீண்டுவந்தார், 2025 பிப்ரவரி சூப்பர் பௌலின் சிறந்த வீரர் அவரே. கோஆர்டினேட்டர் மாறிய பிறகான முதல் சீசனில் ஒருவர் எவ்வளவு இறங்குகிறார் என்பது, எந்த எண்ணையும்விட நேர்மையான சோதனை.

முதல் ஆண்டு பெஞ்சில் வைத்தால் நல்லதா என்றும் கேட்பார்கள். மஹோம்ஸ் ஓர் ஆண்டும் ஆரன் ரோஜர்ஸும் ஜோர்டன் லவ்வும் மூன்றாண்டும் காத்திருந்தார்கள். லான்ஸும் காத்திருந்தார். ஆனால் மஹோம்ஸின் கான்சஸ் சிட்டியிலும் மற்ற இருவரும் இருந்த கிரீன் பேயிலும் கோச், திட்டம், மூத்த குவார்ட்டர்பேக் எல்லாம் இருந்தன. பெஞ்சுக்குத் தனியாக எந்த மருத்துவ குணமும் இல்லை.

எப்போது முடிவெடுப்பது? முதல் ஆண்டுக்குப் பிறகு சாக் விகிதம், அமைதியான பாக்கெட், வயது ஆகியவற்றை மட்டும் வைத்து ஒரு தோராயக் கணிப்பு. பெரிய திருத்தம் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு. அதற்குள் எதிலுமே முன்னேற்றம் தெரியாவிட்டால், மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அதே அணியில் வருவது மிகக் குறைவு. அணிகளின் நாள்காட்டியும் அப்படித்தான்: முதல்சுற்று வீரருக்கு ஐந்தாம் ஆண்டு உரிமையை எடுப்பதா வேண்டாமா என்று மூன்றாம் சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லியாக வேண்டும், எடுத்தால் முழுத் தொகைக்கும் உத்தரவாதம்.

பணம் இங்கே ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. ரூக்கி ஒப்பந்தத்தில் குவார்ட்டர்பேக் மலிவு, மிச்சப் பணத்தில் லைனும் ரிசீவர்களும் வாங்கலாம். பர்டி 2025 மே மாதத்தில் ஐந்தாண்டுக்கு 26.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார், ஆண்டுக்கு 5.3 கோடி. அந்த அளவில் சம்பளம் போனதும் லைனின் நல்ல கார்டு (உள்பக்கத் தடுப்பாளர்) ஒருவரும் இரண்டாம் ரிசீவரும் அணியைவிட்டுப் போவார்கள். எனவே ஒரு இளம் குவார்ட்டர்பேக்கின் சிறந்த சீசனைப் பார்க்கும்போது, முதல் ரிசீவர் காயத்தில் வெளியே இருந்த ஆட்டங்களையும் லைனில் மாற்று ஆட்கள் நின்ற ஆட்டங்களையும் தனியே எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு ஆட்டம்தான் கிடைக்கும், மாதிரி சிறிது. ஆனாலும் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் ஆடப்போகும் அணி ஏறத்தாழ அதுதான்.